யானை வேலியும் போன் வேலியும்: பில்டர், மணிக்கூடு, கொப்பி ஒரு மதிப்பீடு

மட்டக்களப்புப் படுவான்கரையில் யானை வேலி பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பி இழுத்த புதிதில் யானை கிட்ட வராது. மழை பெய்து, புல் வளர்ந்து கம்பியில் முட்டி, மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிப் போன பிறகுதான் வரும். சில யானை கம்பியைத் தொடவே தொடாது, கட்டையைத்தான் சாய்க்கும். போனில் ஆபாசத்தைத் தடுக்கவென்று கிடைக்கிற கருவிகளையும் அதே கண்ணோடுதான் பார்க்கவேண்டும். போட்ட அன்றைக்கு எல்லாமே வேலை செய்யும். மூன்றாவது மாதம், இரவு பதினொன்றரைக்கு, வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ ஒரு போர்டிங் அறையில் தனியாகப் படுத்திருக்கிற பிள்ளைக்கு எது மிஞ்சி நிற்கும் என்பதுதான் கேள்வி.

வாலிபர் கூட்டங்களில் இந்தப் பேச்சு வந்தால் "ஜெபம் பண்ணுங்க, வேதம் வாசிங்க" என்று முடித்துவிடுவார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் சார்ஜர் தலையணைக்குப் பக்கத்தில் குத்தியிருக்கிறதை அந்தப் புத்திமதி அசைக்காது. ஆதியாகமம் 39இல், எஜமானின் மனைவி பிடித்து இழுத்தபோது, யோசேப்பு அந்த வீட்டுக்குள் நின்று ஜெபித்ததாக எழுதியில்லை. வஸ்திரத்தை அவள் கையிலே விட்டு வெளியே ஓடினான் என்றுதான் இருக்கிறது. வஸ்திரம் நட்டம்தான். கீழே சொல்லப்படுகிற எல்லாவற்றிலும் அப்படி ஏதாவது ஒரு நட்டம் உண்டு. அதையும் சேர்த்தே சொல்கிறோம்.

முதலில் இலவச வேலி. பிரைவேட் டிஎன்எஸ். போன் ஒரு தளத்தைத் திறக்கமுன் அந்தப் பெயருக்குரிய இலக்கத்தை எங்கேயாவது கேட்கவேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற இடத்தை மாற்றிவிட்டால், ஆபாசத் தளங்களின் பெயருக்குப் பதில் வராது, பக்கம் திறக்காது. ஆப் ஒன்றும் இறக்கத் தேவையில்லை. ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பிந்தியது ஓடுகிற போன்களில் இந்த வசதி இருக்கிறது. சம்சுங்கில் செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ், மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸ், பிரைவேட் டிஎன்எஸ். ரெட்மியில் கனெக்‌ஷன் அண்ட் ஷேரிங் என்பதற்குள் இருக்கும். அங்கே மூன்றாவது தெரிவை எடுத்து பெயரை அடிக்கவேண்டும்.

எந்தப் பெயர் என்பதில்தான் வித்தியாசம். கிளவுட்ஃபிளேர் 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்கென்று தொடங்கிய சேவைக்கு அடிக்கவேண்டியது: ஃபேமிலி டாட் கிளவுட்ஃபிளேர் ஹைஃபன் டிஎன்எஸ் டாட் காம். எல்லாம் சிறிய எழுத்து, இடைவெளி இல்லை. வீட்டு ரவுட்டரில் போடுவதென்றால் 1.1.1.3, இரண்டாவதுக்கு 1.0.0.3. ஒரு எச்சரிக்கை: 1.1.1.2 என்று கை தவறி அடித்தால் வைரஸ் தளங்களை மட்டும் தடுக்கும், ஆபாசம் அப்படியே வரும். 1.1.1.1 எதையும் தடுக்காது. கடைசி இலக்கத்தை இரண்டு தரம் பாருங்கள்.

மற்றது கிளீன்பிரவுசிங். ஃபேமிலி ஹைஃபன் ஃபில்டர் ஹைஃபன் டிஎன்எஸ் டாட் கிளீன்பிரவுசிங் டாட் ஓஆர்ஜி. இது இன்னும் இறுக்கம். கூகுள், பிங், யூடியூப் மூன்றையும் பாதுகாப்பு நிலைக்குத் தானே தள்ளிவிடும். தடையைத் தாண்ட உதவுகிற ப்ராக்ஸி, விபிஎன் தளங்களையும் மூடும். ரெடிட் போல நல்லதும் கெட்டதும் கலந்த தளங்களையும் சேர்த்து மூடும். படிப்புக்கு ரெடிட் பார்க்கிற மாணவருக்கு அது எரிச்சல்; யூடியூபில் கொமெண்ட் தெரியாமல் போவதும் அப்படித்தான். கொஞ்சம் எரிச்சலைத் தாங்க முடியுமானால் இதைப் போடுங்கள். எங்கள் தெரிவும் இதுதான். கூகுளில் படம் தேடுகிற பக்கம்தான் அநேகருக்கு முதல் வாசல், அதை இது கூடுதலாக எதுவும் செய்யாமலே மூடுகிறது.

வேலை செய்கிறதா என்று பார்க்க உண்மையான ஆபாசத் தளத்தைத் திறந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பாம்புப் புற்றுக்குள் கை விட்டுப் பார்க்கிற வேலை. கிளவுட்ஃபிளேரே சோதனைக்கென்று ஒரு வெறும் முகவரி வைத்திருக்கிறது: நியூடிட்டி டாட் டெஸ்ட்கேட்டகரி டாட் காம். அவர்களுடைய பில்டர் போட்டிருந்தால் அது திறக்காது. ரகசிய ஜன்னல் எனப்படும் இன்காக்னிட்டோவிலும் திறக்கக்கூடாது. இன்காக்னிட்டோ பார்த்த வரலாற்றைத்தான் மறைக்கும், டிஎன்எஸ்ஸைத் தாண்டாது.

எங்கே உடைகிறது? நான்கு இடம். ஒன்று, ஆண்ட்ராய்டில் இந்த செட்டிங்குக்குப் பூட்டு இல்லை. போட்ட கையே பத்து விநாடியில் எடுத்துவிடும். இரண்டு, குரோமுக்குள் பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் செக்யூர் டிஎன்எஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அங்கே வேறு நிறுவனத்தைத் தெரிவுசெய்துவிட்டால் நீங்கள் போட்ட வேலி குரோமுக்குப் பொருந்தாது. மூன்று, ஏதாவது விபிஎன் ஆப் போனில் ஓடிக்கொண்டிருந்தால் எல்லாம் வீணாகலாம். நான்காவதுதான் பெரியது: டிஎன்எஸ் வாசலில் பெயரை மட்டும்தான் பார்க்கும். பேஸ்புக் ரீல்ஸ், டிக்டாக், டெலிகிராம் குழு, வாட்ஸ்அப்பில் நண்பன் அனுப்பின வீடியோ இவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இங்கே இளம் பிள்ளைகளுக்கு அசுத்தம் வருகிற வழி பெரும்பாலும் இதுதான், தனித் தளங்கள் அல்ல.

இன்னொன்று. சில இடத்து பொது வைபையில் இந்தப் பெயரைப் போட்ட போனுக்கு இணையமே வராது. அந்த வழியை அந்த வலையமைப்பு மூடி வைத்திருப்பதால் வருவது அது. போன் பழுதில்லை. அந்த நேரம் டேட்டாவுக்கு மாறுங்கள். "கொஞ்ச நேரத்துக்கு" என்று பில்டரை எடுத்தவர்கள் திரும்பப் போட மறந்துவிடுவார்கள். மறதி என்றே வைத்துக்கொள்வோம்.

ஐபோன்காரருக்கு வேலை இலகு. ஸ்கிரீன் டைம் 2018இல் ஐஓஎஸ் 12உடன் வந்தது. செட்டிங்ஸில் ஸ்கிரீன் டைம், அதற்குள் கன்டென்ட் அண்ட் பிரைவசி ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ், இன்னும் ஒரு படி உள்ளே வெப் கன்டென்ட், லிமிட் அடல்ட் வெப்சைட்ஸ். இதைப் போட்டதும் சஃபாரியில் ரகசிய ஜன்னல் தெரிவே காணாமல் போகும். ஆண்ட்ராய்டில் இல்லாத பூட்டும் இதில் உண்டு, நான்கு இலக்கப் பாஸ்கோட். அதை உங்கள் கையால் போடக்கூடாது. போனைத் தோழனிடம் கொடுத்து, நீங்கள் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருக்க, அவர் போடவேண்டும். போட்ட பிறகு, மறந்தால் மீட்கவென்று ஆப்பிள் கணக்கைக் கேட்கும். இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அங்கே உங்கள் கணக்கைப் போட்டால், ஒரு இரவு "மறந்துவிட்டது" என்று அழுத்தி நீங்களே திறந்துகொள்ளலாம். தோழன் தன் கணக்கைப் போடவேண்டும், அல்லது அந்தப் படியைத் தவிர்க்கவேண்டும்.

இனி ஆப்களுக்குள். இதற்குப் பத்து நிமிடம் போதும், பலன் அதிகம்.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ் போய் மை கான்டாக்ட்ஸ் என்று வையுங்கள். தெரியாதவன் உங்களைக் குழுவில் இழுத்துப் போடுவது அத்தோடு நின்றுவிடும். ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவுக்குள் தானாக இறங்குகிற படம், வீடியோ எல்லாவற்றையும் நிறுத்துங்கள். டேட்டாவும் மிச்சம். சாட்ஸ் என்பதற்குள் மீடியா விசிபிலிட்டியை எடுத்துவிட்டால் வந்தது கேலரியில் போய் ஒட்டாது. இதில் நட்டம், பாஸ்டர் அனுப்புகிற போஸ்டரும் தானாக வராது. தொட்டு இறக்கவேண்டும்.

யூடியூபுக்கு இதுவரை வந்த வழிகளிலேயே திறமானது, ரெஸ்ட்ரிக்டட் மோட் என்று யூடியூபே தருகிற பில்டர் அல்ல. வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்தி, இருக்கிறதையும் அழித்துவிடுவதுதான். 2023 ஆகஸ்டிலிருந்து, வரலாறு இல்லாத கணக்குக்கு யூடியூப் முகப்பு வெறுமையாகவே இருக்கும். தேடினால் வரும், நீங்கள் பின்தொடர்கிற சேனல் வரும். "இதையும் பாருங்க" என்று முகப்பு தூண்டில் போடுவது நின்றுவிடும். பாட்டுக் கேட்கத் திறந்த கை வேறெங்கோ போய் நிற்பது அந்த முகப்பால்தான்.

பேஸ்புக் ரீல்ஸுக்கு முழுதாய் மூடுகிற பொத்தான் இல்லை. ஆப்பை அழித்து, தேவைப்பட்டால் பிரவுசரில் திறப்பதே வழி. மந்தமாக இருக்கும், அந்த மந்தம் உதவி. டெலிகிராம் வைத்திருக்கத் தக்க காரணம் ஒன்றை உங்களால் வாய் விட்டுச் சொல்ல முடியாவிட்டால் அதையும் அழியுங்கள்.

அம்மா கட்டாரிலோ குவைத்திலோ, பிள்ளை அம்மம்மாவோடு என்ற வீடு மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் நிறைய. அவர்களுக்குக் கூகுளின் ஃபேமிலி லிங்க் பொருந்தும். அம்மா அங்கிருந்தே இரவுப் பூட்டு நேரம் வைக்கலாம், புது ஆப் இறக்க அனுமதி கொடுக்கலாம், மறுக்கலாம். பிள்ளைக்குத் தெரியாமல் போடவேண்டாம். தெரியாமல் போட்டதைப் பிள்ளை கண்டுபிடிக்கிற நாளில், இனி ஒன்றையும் அம்மாவிடம் சொல்வதில்லை என்று முடிவெடுத்துவிடும். முன்பின் தெரியாத ஆள் வீடியோ கோலில் வந்து மிரட்டுகிற காலம் இது. அப்போது பிள்ளை முதலில் எடுக்கவேண்டியது அம்மாவுடைய இலக்கம். அடுத்தது 1929, சிறுவர் உதவி எண்.

காசு கொடுத்து வாங்குகிறதில் பேர் பெற்றது கவனன்ட் ஐஸ். அமெரிக்காவின் மிச்சிகனில் 2000ஆம் ஆண்டு தொடங்கியது. பெயர் யோபு 31:1இலிருந்து வந்தது, கண்களோடே உடன்படிக்கை. இது தடுக்கிறதைவிடக் காட்டிக்கொடுக்கிற வேலையைத்தான் அதிகம் செய்யும். திரையை இடைக்கிடை படம் பிடித்து, மங்கலாக்கி, சந்தேகமானதை நீங்கள் தெரிவுசெய்த தோழனுக்கு அனுப்பும். யோசனை நல்லது, பூட்டைவிட, ஒருவர் பார்ப்பார் என்ற நினைவு பலமானது. ஆனால் இங்கே மூன்று தடை. மாதக் கட்டணம் டொலரில், கார்ட் வேண்டும். அறிக்கை ஆங்கிலத்தில். ஆண்ட்ராய்டில் அது வேலை செய்யக் கேட்கிற அனுமதி, திரையில் தெரிகிற எல்லாவற்றையும் பார்க்கிற அனுமதி. வங்கிக் குறுஞ்செய்தியும் அதில் அடக்கம். ஐபோனிலோ மற்ற ஆப்களுக்குள் அதே அளவுக்குப் பார்க்க ஆப்பிள் விடுவதில்லை. ஒரு சபை தன் அங்கத்தவர் மேல் இதைக் கட்டாயமாகப் போட்டால் அது கண்காணிப்பு, மேய்ப்பல்ல. தானாய்க் கேட்டு, செலவையும் தாங்கக்கூடியவருக்கு மட்டும் சரி. மற்றவர்கள் கீழே வாருங்கள். அரை விலைக்கும் குறைவாக அதைவிட நல்ல சாமான் இருக்கிறது.

மணிக்கூடு. பற்றரி போடுகிற, மேசையில் நிற்கிற சாதாரண எலாம் மணிக்கூடு. டவுணில் எந்த மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். "காலம்பற எழும்ப எலாம் வேணும்" என்பதுதான் போனைப் படுக்கைக்குக் கொண்டுபோவதற்கு எல்லோரும் சொல்கிற காரணம். அந்தக் காரணத்தை இது பறித்துவிடுகிறது. வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். அழுத்தினால் இருட்டில் முகம் தெரிகிற சின்ன வெளிச்சம் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நேரம் பார்க்கவென்று போனைத் தேடுவீர்கள். டிக் டிக் சத்தம் குறைந்ததாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் அது அலுமாரிக்குள் போய்விடும்.

சார்ஜர் ஹோலில், அதாவது வீட்டின் கூடத்தில். வயர் படுக்கையறைக் கதவுவரை எட்டாத பிளக்கில். ஒன்பதரைக்குப் போன் அங்கே போய்விடவேண்டும், கண் சொருகின பிறகு அல்ல. களைத்த பிறகு எடுக்கிற முடிவு எதுவும் நிற்காது. போர்டிங்கில் ஹோல் இல்லாதவர்கள் இரண்டு பேராகச் சேர்ந்து போனை மாற்றி வைத்துக்கொள்ளலாம், அல்லது பக்கத்து அறையில் கொடுத்துவிட்டு வரலாம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் விறாந்தையில் படுக்கிற வீடுகளில் போன் அறைக்குள், ஆள் வெளியே. அதுவும் சரி. பைபிள் ஆப்பில் படித்துவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: யூவெர்ஷனில் தமிழ் வேதாகமம் நன்றாகவே இருக்கிறது, பஸ்ஸில் படியுங்கள். படுக்கைக்குக் கடதாசி வேதாகமம். பத்து மணிக்குச் சங்கீதத்தில் திறந்த போன் பதினொன்றுக்கும் சங்கீதத்திலேயே நிற்கும் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை.

இந்தப் பட்டியலில் முதலிடம் இந்த மணிக்கூட்டுக்குத்தான். ஓர் இரவில் போட்டுவிடலாம், பாஸ்வேர்ட் இல்லை, புல் ஏறாது. நட்டம், இரவில் அவசரமாக வருகிற கோல் உடனே கைக்கு எட்டாது. வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகள் சத்தத்தைக் கூட்டி வைத்தால் ஹோலிலிருந்தும் கேட்கும்.

அடுத்தது 80 பக்கக் கொப்பி. யாக்கோபு 1:14 சோதனையை இரண்டு கட்டமாகச் சொல்கிறது, "இழுக்கப்பட்டு, சிக்குண்டு" என்று. சிக்கின பிறகு எழுதுகிறவர்கள் பாவக் கணக்குத்தான் எழுதுவார்கள். ஒரு மாதத்தில் கொப்பியைத் திறக்கவே பயம் வரும். எழுதவேண்டியது இழுக்கப்பட்ட நேரத்தை. ஒரு வரியில் ஐந்து விஷயம்: கிழமை, நேரம், இடம், உடம்பு எப்படி (பசி, கோபம், தனிமை, களைப்பு இவற்றில் எது), அதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் என்ன நடந்தது. எடுத்துக்காட்டாக: "வியாழன், 10.50, மேல் அறை, களைப்பு, பரீட்சைப் பெறுபேறு பார்த்தது." விழுந்தாலும் விழாவிட்டாலும் அதே வரி. யாராவது எடுத்துப் பார்த்தாலும் விளங்காத அளவுக்குச் சுருக்கமாக எழுதுங்கள்.

மூன்று கிழமைக்குப் பிறகு வரிகளைக் கீழ்நோக்கி வாசித்தால் ஒரே இடம், ஒரே நேரம் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அங்கேதான் கட்டை சாய்ந்திருக்கிறது. இரவு என்று நினைத்தவருக்கு, ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து வீட்டார் எல்லாம் தூங்குகிற பிற்பகல் என்று தெரியவரலாம். மாரி வெள்ளத்தில் வீட்டுக்குள் அடைபட்ட நாட்கள் என்று தெரியவரலாம். அந்த நேரத்துக்கு மட்டும் வேறு வேலை வையுங்கள். ஞாயிறு பிற்பகல் என்றால் கல்லடிக் கடற்கரைக்கு நடை. நாள் முழுக்கப் போராடுகிறவன் களைத்துத்தான் விழுவான்.

கொப்பியில் வருகிற பிழை, நாள் எண்ணுவது. "இன்றைக்கு 41வது நாள்" என்று எழுதுகிறவர் 42இல் தவறினால் எல்லாம் பூச்சியம் ஆகிவிட்டது என்று நினைத்து, அந்தக் கிழமை முழுக்கக் கைவிட்டுவிடுவார். ஒரு தவறலைவிட அந்தக் கைவிடல்தான் ஆளைக் கெடுக்கும். நாளுக்குப் பதிலாக இன்னொன்றை எண்ணுங்கள்: விழுந்ததற்கும் ஒருவரிடம் சொன்னதற்கும் இடையே எத்தனை மணித்தியாலம். முதலில் பத்து நாளாக இருக்கும். அது ஒரு இரவாகக் குறைந்தால் ஆள் வெளியே வருகிறார் என்று அர்த்தம், தவறல் நிற்காவிட்டாலும்.

சொல்வதற்கு ஆள் வேண்டும், பாஸ்கோட் வைத்திருக்கவும் அவர்தான் வேண்டும். யார்? ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். பெண்களுக்கு இந்தச் சோதனையே இல்லை என்று சபைகளில் பேசுகிற பேச்சால் அவர்கள் சொல்ல இடமில்லாமல் தவிக்கிறார்கள். பாஸ்டரம்மாமார் அதை முதலில் உடைக்கவேண்டும். மனைவியையோ கணவனையோ காவல்காரர் ஆக்கவேண்டாம். அவருக்கு உண்மை தெரியவேண்டும், ஆனால் ஒவ்வொரு இரவும் போனைச் சோதிக்கிற வேலை அவருக்குத் தண்டனை. நீங்கள் பாடல் குழுவிலோ ஞாயிறு பாடசாலையிலோ ஊழியம் செய்கிற சபையின் தலைவரும் வேண்டாம். பொறுப்புப் போய்விடுமோ என்ற பயத்தில் பாதியைத்தான் சொல்வீர்கள். ஒரு தெருவில் நடந்தது அடுத்த தெருவுக்குப் போக ஒரு பின்னேரம் போதும் என்ற ஊர் இது. ஆகவே வேறு சபையில், வேறு ஊரில் இருக்கிற, உங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவர் நல்லது. கல்முனைக்காரருக்கு மட்டக்களப்பில் ஒருவர், மட்டக்களப்பாருக்குத் திருக்கோவிலில் ஒருவர்.

கத்தோலிக்கர் சிலர் "பாவசங்கீர்த்தனம் செய்கிறேன், அது போதும்" என்பார்கள். அந்த அருட்சாதனத்தின் இடம் வேறு. அதில் கேட்டதைக் குருவானவர் எவருக்கும் சொல்ல முடியாது. உங்களை வாசலில் கண்டாலும் அதைப் பற்றி அவராகப் பேச்செடுக்கமாட்டார். புதன்கிழமை இரவு "எப்படி இருக்கிறாய்" என்று கேட்க அவருக்கு வழியில்லை. கேட்க இன்னொருவர் வேண்டும். சீர்திருத்த சபையாருக்கு எதிர்ப்பக்கத்துக் குறை: யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது, அதற்கென்று நேரமும் இடமும் குறித்துவைத்த சபை குறைவு.

கிழமைக்கு இரண்டு தரம், குறித்த நேரம், பத்து நிமிடக் கோல். கேள்வி நான்கு போதும். கடைசியாக இழுத்தது எப்போது? அப்போது எங்கே இருந்தாய்? பில்டரைத் தொட்டாயா? இப்போது கேட்டதில் எதற்காவது பொய் சொன்னாயா? நாலாவது கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும். விவரம் கேட்கக்கூடாது, என்ன பார்த்தாய் என்று நோண்டுவது கேட்கிறவருக்கும் கண்ணி. பதிலுக்குப் பிரசங்கமும் வேண்டாம்.

இடையில் இழுக்கிற நேரத்துக்கு ஒரு குறுஞ்செய்தியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "அண்ணன், கொஞ்சம் கதைக்கலாமா?" என்று மட்டும். அவர் கேள்வி கேட்காமல் எடுக்கவேண்டும். "ஓம் தம்பி, வெளிய வந்து நின்று கதை" என்று முற்றத்துக்கு வரவழைத்து, நெல் விலையோ கிரிக்கெட்டோ கதைத்தாலும் சரி. அந்த இழுப்பு ஏறி, உச்சியில் நின்று, பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடும். இறங்கும்வரை தனியாக இருக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தக் கோலின் வேலை.

இவ்வளவும் செய்தும் படிப்பு, வேலை, மணவாழ்வு சிதைகிறது என்றால், அல்லது வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், தோழன் போதாது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், மனநல உதவி எண் 1926க்கு எடுக்கலாம். விசுவாசக் குறைவு என்று எவராவது சொன்னால், காய்ச்சலுக்கு அவர் எங்கே மருந்து எடுக்கிறார் என்று கேளுங்கள்.

கடைசியாக, இங்கே அடிக்கடி நடக்கிற ஒரு பழுது. பாஸ்கோட் வைத்திருக்கிற அண்ணனுக்கு விசா வந்துவிடும். கொழும்புக்கு வான் ஏறுகிற அவசரத்தில் ஒருவருக்கும் நினைவிராது. இரண்டு மாதம் கழித்து ஏதோ ஒரு செட்டிங்கை மாற்றப் போய், பாஸ்கோட் இல்லாமல் நின்று, கடைசியில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்குவார்கள், பில்டர் இல்லாமல். பாஸ்கோட்டை ஒரு துண்டில் எழுதி, உறையில் ஒட்டி, அடுத்த ஆளிடம் கொடுக்கிற வேலையை விசா கையில் கிடைத்த அன்றைக்கே செய்யுங்கள். உறையின் மேல் பெயர் எழுதவேண்டாம்.